கூரைக்கும் சுவருக்கும் நடுவில்

ஆடியில் மலை இரண்டு ராத்திரி எரிந்தது.
லயத்துக்குத் தீ வரவில்லை.
ஒரு பொறி மட்டும் வந்தது.

டர்பன்டைன் மரத்துப் பட்டை,
விரல் நீளம், ஓரமெல்லாம் சிவப்பு.
கச்சான் காற்றில் ஓடை தாண்டி
கோயில் கொடிமரம் தாண்டி
தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே
நாலு விரல் சந்தில் நுழைந்து
கொடியில் காய்ந்த ஸ்கூல் சட்டையில் உட்கார்ந்தது.
செருப்பால் அடித்தேன்.
வலது கை மட்டும் போனது.
மற்றக் கையோடு சட்டை ஆடிக்கொண்டிருந்தது,
ஏதோ கேட்க எழுந்த பிள்ளை மாதிரி.

அந்தச் சந்து எனக்குத் தெரிந்ததுதான்.
அடுப்புப் புகை போகிற வழி.
பூனை வருகிற வழி.
பக்கத்துக் காம்பராவில் தவசி குறட்டை விட்டால்
எங்களுக்குக் கேட்கிற வழி.
பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை,
அதற்கடியில் ஒரே இருட்டு.
ஒன்றில் பிடித்தால் கதவு தட்டாமலே
பத்தாவது வரைக்கும் போய்விடும்.

ஹப்புத்தளையில் கடைக்காரர்
பச்சை நைலோன் வலை மலிவு என்றார்.
தீக்குச்சி உரசிக் காட்டச் சொன்னேன்.
பச்சை சொட்டுச் சொட்டாய் உருகி
கவுண்டரில் விழுந்தது.
ஒன்றும் பேசாமல் உள்ளே போய்
இரும்பு வலைச் சுருளோடு வந்தார்.
எள் விழலாம், அரிசி விழக்கூடாது,
அந்த அளவுக் கண்.
விலை
நாலு முழுப்பேர், ஒரு அரைப்பேர்.

ஆபீசில் கடிதம் கொடுத்தோம்.
கட்டடம் கம்பனியுடையது,
ஆணி அடிப்பதென்றாலும் அனுமதி வேண்டும்
என்றார் கிளாக்கர்.
"எரியிறதுக்கு?" என்றாள் கிருபைராணி.
அவர் பேனாவை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தோம்.
ஆணி அடிக்கவில்லை.
கம்பியால் கட்டினோம்.
சன்னாசி ஏறி, பீலியிலிருந்து
மூன்று சாக்குச் சருகு இறக்கினான்,
ஒரு இறகுப் பந்தும்
யாரோ எறிந்த பால்பல்லும்.
இஸ்தோப்பில் கல்யாணத்துக்குக் கட்டிய
நீலத் தறப்பாளை அவிழ்த்தோம்
(அந்தக் கல்யாணத்துப் பிள்ளை இப்போது நடக்கிறது).
சுவரோடு அடுக்கிய விறகு
முப்பது எட்டு தள்ளிப் போனது.
மானாப்புல்லைக் கவ்வாத்துக் கத்தியால்
தரையோடு அறுத்தோம்.
கணக்கப்பிள்ளை வந்தார், நின்றார்,
"அது கம்பனிக் கத்தி" என்றார்,
போனார்.

ஏழாம் நம்பர் பூட்டிக் கிடந்தது.
அடைக்கலம் குடும்பத்தோடு வெள்ளவத்தையில்.
ஒன்பதை அடைத்து ஒன்றை விட்டால்
அது ஓட்டை வாளியில் ஒட்டுப்போட மறந்த ஓட்டை.
போன் எடுத்தேன்.
பின்னால் தட்டுக் கழுவுகிற சத்தம்.
"பூட்ட ஒடைங்க அக்கா.
ஆனா வேற பூட்டு போடுங்க, நல்லதா."
உள்ளே பேப்பர் கட்டு, பிய்ந்த மெத்தைப் பஞ்சு,
அரைக் கலன் மண்ணெண்ணெய்.
கொஞ்ச நேரம்
யாரும் வாசலைத் தாண்டவில்லை.

அன்றிரவு புகை போக வழியில்லை.
ஒன்பது அடுப்படியும் ஒன்றாய் இருமியது.
"தீயில சாகாம புகையில சாகவா?"
தவசி எல்லாரையும் ஏசினார், என்னைக் கூடுதலாக.
மறுநாள் அவரே தகரத்தை வெட்டி
அடுப்புக்கு மேலே குழாய் வைத்தார்.
அதன் வாயில் மிச்ச வலை.
குறட்டை மட்டும்
இன்னும் கேட்கிறது.

ஆவணிக் கடைசியில் மறுபடி பிடித்தது,
மேல் பத்தனை முழுதும்.
தகரத்தில் பொறி விழுகிற சத்தம்
மழை தொடங்குகிற மாதிரியே இருந்தது,
தொடங்கிக்கொண்டே இருந்தது.
நனைத்த சாக்கைப் பிடித்தபடி
பிள்ளைகளைத் தூங்கவிடாமல் உட்கார்ந்திருந்தோம்.
விடிந்து பார்த்தேன்:
வலைக்கு வெளியே கரி, துண்டு துண்டாக.
நான் எண்ணவில்லை.
பூனை வழி தெரியாமல்
வெளியில் நின்று கத்தியது.

இப்போது ஐப்பசி.
ஆபீசிலிருந்து பதில் வந்திருக்கிறது,
பரிசீலனையில் இருக்கிறதாம்.
விறகுக்கு முப்பது எட்டு.
நனைந்து போய் நனைந்து வருகிறேன்,
முப்பதையும்
ஒவ்வொன்றாய் ஏசிக்கொண்டு.